தேதிக்குப் பொறுப்பாளி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் ஊரில் கல்யாணம் தள்ளிப்போவது அபூர்வம். சமையல்காரர் கைவிட்டாலும், மண்டபத்தில் மின்சாரம் போனாலும், சம்பந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் தாலி ஏறிவிடும். வீடு அப்படியல்ல. தையில் கிரகப்பிரவேசம் என்று ஆரம்பித்தது ஆவணிக்குப் போகும். ஆவணி அடுத்த தைக்குப் போகும்.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. கல்யாணத்தில் தேதியைத்தான் முதலில் குறிக்கிறோம். பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறோம். அதற்கு மேல், கையில் பட்டியலும் இடுப்பில் பணப்பையுமாக ஒரு பெரியப்பாவோ தாய்மாமனோ நடுவில் நிற்பார். வாழைமரம் வந்ததா, நாதஸ்வரக்காரருக்கு அட்வான்ஸ் போயிற்றா, காய்கறி எத்தனை மணிக்கு வரும் என்று எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியும். அவர் 'சரி' என்றால் சரி. வீடு கட்டும்போது மேஸ்திரி இருக்கிறார், தச்சர் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார், ஆர்க்கிடெக்ட் கூட இருக்கிறார். பெரியப்பா மட்டும் இல்லை.

கட்டுமானத் துறையில் அந்தப் பெரியப்பாவுக்குப் பெயர் பிராஜெக்ட் மேனேஜர்.

சென்ற மாதம் புனேயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஈரோட்டுக்காரர். சிவில் என்ஜினீயரிங் முடித்து, ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் நான்கு வருடமாக சைட் என்ஜினீயர். "காலை எட்டு மணியிலிருந்து கான்கிரீட் லாரிக்குக் காத்திருப்பதிலேயே வயது போகிறது. என்னோடு படித்தவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சர்டிபிகேட் வாங்கினால் நானும் தூசியிலிருந்து தப்பித்து மேலே போய்விடலாம் என்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்கலாமா?" என்று கேட்டிருந்தார். அப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை என்றும், நிலத்தின் பேரில்தான் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்றும் கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்காகவே இந்த வாரம் முழுவதையும் அவருக்குக் கொடுக்கிறேன்.

முதலில், இந்த வேலை என்ன என்று பார்ப்போம். பெரியப்பாவின் பட்டியலுக்கு விஞ்ஞான வடிவம் கிடைத்தது ஐம்பதுகளில். ரசாயன ஆலைகளைக் கட்டி வந்த டூபாண்ட் கம்பெனி 1957-ல் 'கிரிட்டிகல் பாத்' முறையை வகுத்தது. அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 'பெர்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. பெயர்கள் பயமுறுத்தினாலும் விஷயம் சமையலறையில் தினமும் நடப்பதுதான். குக்கரை ஏற்றிவிட்டுக் காய் நறுக்கலாம். புளி கரைக்காமல் குழம்பு வைக்க முடியாது.

வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் கேட்டுக்கு என்ன நிறம் என்று குடும்பத்தில் மூன்று வாரம் சண்டை போடலாம். கிரகப்பிரவேச தேதி ஓர் அங்குலம் நகராது. ஆனால் சுவருக்குள் புதைய வேண்டிய மின்குழாய் ஒரு நாள் தாமதமானால் பூச்சு நிற்கும், பூச்சு நின்றால் தரை நிற்கும், தரை நின்றால் கதவு நிற்கும். எந்தத் தாமதம் வெறும் தாமதம், எந்தத் தாமதம் முடிவுத் தேதியையே இழுத்துக்கொண்டு போகும் என்று பிரித்துச் சொல்வதுதான் கிரிட்டிகல் பாத். நூறு வேலைகளில் இன்று எந்த நாலு வேலைக்காகத் தூக்கத்தை விட வேண்டும் என்று அது காட்டும். கணக்கைப் போட இன்று பிரைமவேரா, எம்.எஸ். பிராஜெக்ட் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குள் நீங்கள் எதைப் போடுகிறீர்களோ அதுதான் வெளியே வரும்.

தேதியும் பட்டியலும் இருந்தால் போதாது. 'சரி' என்று சொல்லும் அதிகாரமும் வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே இரண்டு நகரங்கள் பாடம் வைத்திருக்கின்றன.

கொல்கத்தா மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டியது 1972 டிசம்பரில். முதல் 3.4 கிலோமீட்டரில் ரயில் ஓடியது 1984 அக்டோபரில். ஏறத்தாழ பதினாறரை கிலோமீட்டர் பாதை முழுமையானது 1995-ல். இருபத்திமூன்று வருடம்! வேலை தெரியாதவர்கள் செய்த வேலையல்ல அது. இந்தியாவில் யாருமே அதுவரை செய்திராததைச் செய்தார்கள். ஆனால் ஆரம்ப வருடங்களில் பணம் சொட்டுச் சொட்டாக வந்தது. தோண்டிய இடத்திலெல்லாம் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கேபிளும் குறுக்கிட்டன. கோர்ட் தடைகள் வந்தன. பொருள்கள் நேரத்துக்கு வரவில்லை. இதில் எதுவுமே தனியொரு என்ஜினீயரின் தவறல்ல. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில் பதில் சொல்லும் ஆள் இல்லாததுதான் கஷ்டம்.

டெல்லியில் மெட்ரோவுக்கென்றே மத்திய அரசும் மாநில அரசும் சம பங்கு போட்டு 1995-ல் ஒரு கம்பெனியை அமைத்தன. 1998-ல் வேலை தொடங்கியது. 2002 டிசம்பர் 24 அன்று ஷாதராவிலிருந்து தீஸ் ஹஜாரி வரை முதல் ரயில் ஓடியது. முதல் கட்டமான 65 கிலோமீட்டர் 2005-ல், குறித்த காலத்துக்கு முன்பாகவே முடிந்தது. நிர்வாக இயக்குநராக இருந்த இ. ஸ்ரீதரன், இளம் வயதில் கொல்கத்தா மெட்ரோவின் திட்டமிடும் பணியில் இருந்தவர். எங்கே சிக்கும் என்பதை அங்கேயே பார்த்துவிட்டவர். டெல்லியில் டெண்டரை முடிவு செய்யவும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும் அதிகாரம் கம்பெனியிடமே இருந்தது. அலுவலகங்களிலும் சைட்டுகளிலும் பின்னோக்கி ஓடும் கடிகாரங்களை மாட்டினார்கள். இத்தனை மணி என்று அவை சொல்லவில்லை, இன்னும் இத்தனை நாள் என்று சொல்லின. கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

இதே ஸ்ரீதரனைத் தமிழ்நாட்டுக்கு முதலில் அறிமுகப்படுத்தியது பாம்பன் பாலம். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலோடு போய்விட்டன. சீரமைக்க ரயில்வே ஆறு மாதக் கெடு விதித்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலை முடிந்தது 46 நாளில். புதிய கர்டர்களுக்காகக் காத்திருந்தால் ஆறு மாதமும் போதாது. கடலுக்கடியில் கர்டர்கள் கிடக்கின்றன என்ற தகவல் மீனவர்களிடமிருந்து வந்தது. அவற்றைத் தூக்கியெடுத்துத் திரும்பப் பொருத்தினார்கள். மீனவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் குணத்துக்கு எந்த நிறுவனமும் சர்டிபிகேட் தருவதில்லை. அது சைட்டில்தான் வரும்.

இப்போது ஈரோட்டு நண்பரின் கேள்விக்கு வருகிறேன். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.க்களிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் கட்டுமான மேலாண்மையில் மேல்படிப்பு இருக்கிறது. 1983-ல் தொடங்கப்பட்ட நிக்மார், இன்று அவர் இருக்கும் புனேயிலேயே ஒரு பல்கலைக்கழகம். ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு டெல்லியின் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர், அகமதாபாத்தின் செப்ட் போன்ற இடங்கள் இருக்கின்றன. அவர் கேட்கும் பி.எம்.பி. என்ற சர்டிபிகேட், 1969-ல் தோன்றிய ஓர் அமெரிக்க அமைப்பு தருவது. அதற்குப் பட்டம் மட்டும் போதாது. திட்டங்களை முன்னின்று நடத்திய மூன்று வருட அனுபவமும் காட்ட வேண்டும். அதாவது, அதை வாங்கினால் மேனேஜர் ஆகலாம் என்பது தலைகீழ். ஓரளவு மேனேஜர் வேலை செய்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

படிப்பைவிட முக்கியமானது, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பது. இந்தத் தொழிலில் மூன்று பக்கங்கள் உண்டு. பணம் போடும் உரிமையாளர் பக்கம், கட்டும் காண்டிராக்டர் பக்கம், இருவருக்கும் நடுவில் மேற்பார்வை பார்க்கும் ஆலோசகர் பக்கம். மூன்றிலும் பிளானிங் என்ஜினீயர், பில்லிங் என்ஜினீயர், ஒப்பந்தங்களைக் கவனிப்பவர், டிசைன் மேனேஜர் என்று படிகள் இருக்கின்றன. சைட் என்ஜினீயர்கள் பலருக்கு பில்லிங் என்றால் இளப்பம். குமாஸ்தா வேலை என்பார்கள். ஆனால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் சிமெண்டுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, வீணானது எவ்வளவு என்று தெரியாதவரை யாரும் ஒரு திட்டத்தை நம்பி ஒப்படைக்க மாட்டார்கள்.

டிசைன் பக்கமிருந்து வருபவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. வரைபடம் வராத நாளில் நூறு பேர் கை கட்டி நிற்பார்கள். கூலி மட்டும் நிற்காது. சைட்டுக்கு எந்த வரிசையில் வேலை நடக்கிறதோ அந்த வரிசையில் வரைபடங்களை வரவழைப்பது, ஏ.சி. குழாயும் உத்தரமும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்வதைக் காகிதத்திலேயே பிடிப்பது, வீட்டுக்காரர் மனம் மாறும்போது அந்த மாற்றத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று அன்றே சொல்வது எல்லாம் டிசைன் மேனேஜரின் பாடு.

ஒப்பந்தம் படிக்கவும் தெரிய வேண்டும். 1872-ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு, காலம் முக்கியம் என்று கருதிச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தில் காலம் தவறினால் என்ன ஆகும் என்று சொல்கிறது. பத்தாம் தேதி ஒப்படைக்க வேண்டிய இடத்தை முப்பதாம் தேதிதான் ஒப்படைத்தார்கள் என்றால், அதை அன்றே கடிதமாக எழுதி வைத்தவருக்குத்தான் பிறகு வழக்கு மேஜையில் வாய் இருக்கும். நல்ல மேனேஜர்கள் பலர் பெரிய பேச்சாளர்கள் அல்லர். ஒழுங்காக டைரி எழுதுபவர்கள்.

இவை எல்லாவற்றையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. அதை நான் கற்ற கதையைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதி. மேற்கு இந்தியாவில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். வாரா வாரம் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. ஒரு ஹாலின் நேராக, நான்கு வாரம் தொடர்ந்து '90 சதவிகிதம்' என்று எழுதினேன். எண்பத்தைந்து என்றால் மேலிருந்து கேள்வி வரும். தொண்ணூறு என்றால் யாரும் கேட்பதில்லை. அந்தக் கணக்கை நம்பித் திறப்பு விழாவுக்கு ஒரு தேதி குறித்துவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முடிக்க வேண்டுமானால், கூரை ஸ்லாபுக்குக் கீழே இருக்கும் முட்டுகளை ஒன்பதாம் நாளே எடுத்துவிட்டுத் தரை வேலையைத் தொடங்க வேண்டும். நாலரை மீட்டருக்கு மேல் அகலமான ஸ்லாபுக்குச் சாதாரண சிமெண்டில் பதினான்கு நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி 456. அது எனக்கும் தெரியும். "பிரிச்சிடலாம் மேஸ்திரி, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். என் அப்பா வயது. "பிரிக்கிறது அரை நாள் வேலைங்க சார். அடியில தரை போடப் போறது நம்ம பசங்க. நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பிரிக்கிறேன்" என்றார்.

என் கை எழவில்லை. ராத்திரியெல்லாம் தூங்காமல் மறுநாள் காலை பிராஜெக்ட் மேனேஜரிடம் போய், நான்கு வாரமாக எழுதியது பொய் என்று சொன்னேன். அவர் வங்காளி, அதிகம் பேசாதவர். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "உண்மையான தேதி என்ன?" என்று கேட்டார். பதினாறு நாள் தள்ளிப்போகும் என்றேன். என் எதிரிலேயே உரிமையாளருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துச் சத்தம் எனக்கே கேட்டது. கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தேதியை மட்டும் மாற்றாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "மற்ற எல்லா வேலையும் நீங்களே செய்துவிடுவீர்கள். இந்தப் போனைச் செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்."

விழா பதினாறு நாள் கழித்து நடந்தது. முட்டுகள் பதினான்கு நாளும் நின்றன. வானம் இடிந்து விழவில்லை, ஸ்லாபும் விழவில்லை.

புனே நண்பருக்கு இது பழங்கதையாகப் படக் கூடாது. அவர் கட்டுவது அடுக்குமாடி. 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவிகிதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை எத்தனை சதவிகிதம் முடிந்தது என்று என்ஜினீயரும் ஆர்க்கிடெக்ட்டும் ஆடிட்டரும் சான்று தந்த பிறகே அதிலிருந்து பணத்தை எடுக்க முடியும். ஆக, அன்று நான் சோம்பலாக எழுதிய அந்தச் சதவிகிதத்தின் மேல் இன்று ஒரு குடும்பத்தின் சேமிப்பே உட்கார்ந்திருக்கிறது. வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர், அந்த எண்ணை நம்பி மகளின் பள்ளியை மாற்றத் திட்டமிட்டுக்கொண்டிருப்பார்.

பெரியவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. 2009 ஜூலை 12 அன்று டெல்லி ஜம்ருத்பூரில் கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலத்தின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். வடிவமைப்பில் குறை இருந்ததாக விசாரணையில் தெரிய வந்தது. ஆனால் விசாரணைக் குழு உட்காருவதற்கு முன்பே, அன்றைய தினமே, தார்மிகப் பொறுப்பேற்று ஸ்ரீதரன் ராஜினாமா செய்தார். முதலமைச்சர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. அவர் பணியில் தொடர்ந்தார். நேரத்துக்கு முன் முடித்த பெருமை ஒருவருக்கு என்றால், சரிந்த தூணும் அவர் கணக்கில்தான். ராஜினாமா இறந்தவர்களைத் திருப்பித் தராது. ஆனாலும் 'எனக்குத் தெரியாது, காண்டிராக்டரைக் கேளுங்கள்' என்ற பதிலுக்குப் பழகிப்போன நாட்டில் அது ஒரு வித்தியாசமான குரல்.

நண்பரே, நிலத்தின் பேரில் இப்போது கடன் வாங்காதீர்கள். முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அந்தக் கான்கிரீட் லாரி ஒவ்வொரு நாளும் ஏன் தாமதமாகிறது என்று ஒரு மாதம் எழுதுங்கள். பகலில் லாரிகளை ஊருக்குள் விடாததாலா, பம்ப் பழுதாலா, சென்ட்ரிங் முடியாமலேயே லாரியை வரச் சொல்லிவிட்டோமா, கம்பியைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் பத்து மணிக்குத்தான் வருகிறாரா? மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான நாள்களில் குற்றம் லாரியின் மேல் இருக்காது என்பது என் அனுபவம். அந்த ஒரு பக்கக் கணக்கை மேலதிகாரியின் மேஜையில் வையுங்கள். கூடவே, ஒரு வருடம் பிளானிங்கிலோ பில்லிங்கிலோ போடச் சொல்லிக் கேளுங்கள். கொடுத்தால் அங்கேயே இருங்கள். கொடுக்காவிட்டால் அந்த நோட்டோடு வேறு இடத்துக்கு இன்டர்வியூ போங்கள். படிப்பை அதற்குப் பிறகு, முடிந்தால் உங்கள் சம்பளத்திலேயே படிக்கலாம். எட்டு மணிக்குக் காத்திருந்த நேரம் வீணில்லை. அதை எழுதி வைக்காததுதான் வீண்.

தூசியிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் இந்த வேலைக்கு வராதீர்கள். சம்பளம் கூடும், அறையும் கிடைக்கும். ஆனால் கெட்ட செய்தியை முதலில் கேட்பவரும் நீங்கள்தான், அதை முதலில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது அந்தப் பெரியப்பாவைக் கொஞ்சம் கவனியுங்கள். மேடையில் போட்டோ எடுக்கும்போது அவர் இருக்க மாட்டார். மண்டபத்தின் பின்பக்கம், கடைசிப் பந்தியில், சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பட்டியலில் இன்னும் இரண்டு வேலை பாக்கியிருக்கும்.